பசை இறுகும் வரை

அநியாயம் நடந்தது பிலோமினாவுக்கு. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை என்பது ஆய்வு மாணவி கார்குழலியின் கட்சி. ஒன்பது வருஷமாக அந்த ஆய்வகத்தில் டெக்னீஷியன். ஒன்பது வருஷமும் ஒப்பந்தத்தில். ஜூன் பிறந்தால் புதுப்பித்த தாள் வருமோ வராதோ என்று ஆபீஸ் ஜன்னலை எட்டிப் பார்க்கிற பிழைப்பு. அப்படிப்பட்டவளுக்குத்தான் துறைத்தலைவர் சென்னியப்பன், தன் சொந்த சைக்கிளின் ஃபிரேம் ஆய்வக ஓவனில் வெந்துபோனதற்காக, பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில், வரிசை எண் போட்டு, மெமோ கொடுத்தார். கவனக்குறைவுக்குத் திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதாம். சொந்த சைக்கிள், ஆபீஸ் தாள். உங்க வீட்டுக் குக்கர் வெடிச்சா கலெக்டரா சார் நோட்டீஸ் அனுப்புவார் என்று குழலி அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கேட்டு என்ன. இன்றைக்குச் சனிக்கிழமை, மணி மூன்று பன்னிரண்டு, மெமோ போட்டது போட்டபடி இருக்கிறது, குழலியின் இரண்டு கைகளும் அதே ஃபிரேமில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மாட்டிக்கொண்டு என்றால் நிஜமாகவே. ஓவனில் கழன்றுபோன மேல்குழாய்க்குப் புதுப் பசை தடவி, சீட்டுக்குக் கீழே இருக்கும் அலுமினிய மூட்டுக்குள் செருகி, இடது கையால் மூட்டைத் தாங்கி வலது கையால் குழாயை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். விட்டால் உள்ளே அடைபட்ட காற்று குழாயை ஒரு நூல் வெளியே தள்ளிவிடும். அந்த ஒரு நூலுக்குச் சைக்கிள் ஆயுசுக்கும் கோணிக்கொண்டு போகும். கிளாம்ப் போட்டுப் பார்த்தாள், அந்த வளைவில் அதன் வாய் நிற்காமல் வழுக்கியது. ஆகவே கைதான் கிளாம்ப். முக்கால் மணி நேரம் அசையக் கூடாது என்று பசை டப்பாவில் போட்டிருக்கிறது. அசையாமல் நிற்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் உனக்கு ஆகாது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை, ஆய்வகத்தில் யாரும் இல்லை, மின்விசிறிதான்.

பசையின் இரண்டு பாகத்தையும் கலந்து முடித்த அந்த நிமிஷம் பார்த்துத்தான் சாரின் செய்தி வந்தது. ஓவனைச் சோதித்தாயிற்று, ஒரு டிகிரி பிசகில்லை, அன்றைக்கு நாலு மணி நேரம் 140 வைத்ததாக ஓவனின் பதிவிலேயே இருக்கிறது, பிலோமினா எதற்காக 140 வைத்தார், உனக்கு ஏதாவது தெரியுமா, நாலு மணிக்கு நான் ஆபீசுக்கு எழுதி அனுப்புகிறேன், அதற்குள் பதில் போடு. படித்துவிட்டு போனை மேசையில் வைத்தாள். சார் காத்திருப்பார், கலந்த பசை காத்திருக்காது. இருபது நிமிஷத்தில் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அதனால்தான் பதில் போடவில்லை, வேறு காரணம் இல்லை. வேறு காரணம் இல்லை என்று ஏன் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டு பாதிக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட ஒரு விரல் வேண்டும், அந்த விரல் இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் உலகம் ஈரத்தில் வைத்த படம் மாதிரி ஓரம் கரைந்து தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி மாதக் காற்றுக்கு வேறு வேலை கிடையாது, வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூரத்து மலை ஒரு சாம்பல் கோடாக நெளிந்தது. தூக்கம் வரக் கூடாது. நின்றுகொண்டே தூங்குவது குதிரைக்குத்தான் வரும் என்பார்கள், கடைசிப் பஸ்ஸில் ஊருக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் வரும்.

கறுப்பு. முதல் தடவை பார்க்கிறவனுக்கு வெறும் கறுப்புக் குழாய். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் உள்ளே நெசவு தெரியும், குறுக்கும் நெடுக்கும், ஈரக் கூந்தலைப் பின்னியது போல, பின்னலுக்குள் பின்னல், அதற்குள் இன்னும் ஆழத்தில் ஏதோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பது போல. முப்பது வருஷத்துக்கு முன்னால் சார் பனி கொட்டுகிற ஊரில் படித்தபோது வாங்கிய மலைச் சைக்கிள். கார்பன் நாரில் குழாய் இழுத்து, அலுமினிய மூட்டுகளில் பசை வைத்து ஒட்டி, அப்போது புதிதாகச் செய்து பார்த்தார்கள். செய்த கம்பெனியே இப்போது இல்லை, பெயரின் கடைசி இரண்டெழுத்து மட்டும் கீழ்க்குழாயில் சுரண்டியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் திரும்பும்போது ஃபிரேமை நான்கு வேட்டியில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்தாராம், வேட்டியை எதற்கு அத்தனை கொண்டுபோனார் என்று குழலி கேட்டதற்கு, எங்கம்மா கட்டிக் குடுத்தாங்க, அங்க போய் எங்க கட்டறது, பனியில விறைச்சுப் போகும் என்றார். அன்றைக்கு அவர் சிரித்தார். அவர் சிரிக்கிற ஆள்தான், அதுதான் சங்கடம். முழுக்கக் கெட்டவனோடு சண்டை போடுவது சுலபம். பழைய ஒட்டு மூட்டுகள் எப்படி வயதாகின்றன என்று அவள் ஆய்வுக்குத் தலைப்பு எடுத்தபோது, காரேஜில் தொங்கியதை இறக்கிக் கொடுத்து, பாத்து ஆராய்ச்சி பண்ணு, ஆனா எனக்கு ஓடற சைக்கிளா திருப்பிக் குடு, கோத்தகிரி ரோட்டுல ஒரு தடவை இறங்கிட்டேன்னா போதும் என்றார். கையில் வாங்கியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு தேங்காய் கனம்கூட இல்லை. இவ்வளவு பெரிய உருவத்துக்குள் யாரும் இல்லை என்பது போல.

எட்டு மாதம். உக்கடம் பழைய மார்க்கெட்டில் சக்கர வளையம் தேடியது, ஊட்டியில் ஒருத்தர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கிடந்த முன்பக்கக் கவட்டை, பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தது. விடுதி அறையே மண்ணெண்ணெய் வாசம், அறைத்தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீ சைக்கிள் ஓட்டப்போறியா இல்ல ஸ்டவ்வா என்றாள். ஐந்து ரூபாய் நாணயத்தால் குழாயைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நார் நன்றாக இருந்தால் டிக் டிக் என்று கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் டொக் என்று வாயில் துணி வைத்த மாதிரி. தட்டித் தட்டி அது கைப்பழக்கமாகி, விடுதிச் சுவர், மெஸ் மேசை, பேருந்துக் கம்பி, தன் நெற்றி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். நெற்றி டொக் என்றது. பெடல் அச்சின் வலதுபக்க மூடியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. முழு பலத்தையும் போட்டு ஸ்பேனரில் தொங்கினாள், அது மசியவில்லை, துரு என்றாள், செய்தவன் மடையன் என்றாள், இரண்டாம் நாள் சாயங்காலம் பிலோமினா சாவிக்கொத்தை எடுக்க வந்தவள் ஒரு நிமிஷம் நின்று, ஏம்மிணி, அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தியா என்றாள். அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் அக்கா, எல்லா மறையும் அப்படித்தான் என்று குழலி ஐந்து நிமிஷம் விளக்கினாள். பிலோமினா கேட்டுக்கொண்டாள். விளக்கி முடித்த கையோடு, காட்டுவதற்காகவே, குழலி அந்தப் பக்கம் திருப்பினாள், கழன்று வந்தது. அந்த ஒரு மறை மட்டும் தலைகீழ். இரண்டு நாளாக அதைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், அது முடிந்த கதை, சிரித்துவிட்டுப் போன கதை.

நினைக்க வேண்டியது ஓவனை. நினைக்காவிட்டாலும் அது எதிரே நிற்கிறது, ஆறு அடி தூரத்தில், பீரோ அளவுக்கு, சாம்பல் நிறத்தில். புது வார்னிஷ் பூசுவதற்கு முன் கார்பன் குடித்திருக்கிற ஈரத்தை மெல்லிய சூட்டில் போக்க வேண்டும். அதற்காக ஃபிரேமை ஓவனுக்குள் தொங்கவிடச் சொல்லிப் பிலோமினாவிடம் கொடுத்தாள். நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் மூட்டுக்குள் இருந்த பழைய பசை இளகி, மேல்குழாய் கழன்று, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி தொங்கியது. அப்புறம் சாரின் அறை. எவ்வளவு வெச்சீங்க என்றார் சார். எழுதியிருந்ததைத்தான் வெச்சேனுங்க சார் என்றாள் பிலோமினா. அறுபதுதான் சார் எழுதியிருந்தேன் என்றாள் குழலி, டக்கென்று, யாரும் அவளைக் கேட்காமலே. பிலோமினா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம். அப்போது அவளுக்கு அது, காப்பாத்து என்கிற பார்வையாகத் தெரிந்தது, உடனே காப்பாற்ற இறங்கிவிட்டாள், கல்லூரியில் மூன்று வருஷம் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கிய நாக்கு சும்மா இருக்குமா. ஓவனைச் சோதிச்சீங்களா சார். எதுக்கும்மா சோதிக்கணும். பதினஞ்சு வருஷ ஓவன் சார், அறுபது வெச்சா உள்ள அறுபதுதான் இருக்குதுன்னு என்ன நிச்சயம், மெஷின் பண்ணின தப்புக்கு மனுஷிக்கு மெமோவா. நீ என்ன, இவங்களுக்கு வக்கீலா என்றார் சார். இல்ல சார், சாட்சி என்றாள். அந்த வார்த்தை அவளுக்கே பிடித்திருந்தது. சரி, சோதிக்கறேன், ஓவன் தப்புன்னா மெமோவை நானே கிழிச்சுப் போடறேன் என்றார். வெளியே வந்ததும் பார்த்தீங்களா அக்கா, ஒத்துக்க வெச்சுட்டேன் என்றாள். எதுக்கு அம்மிணி சோதிக்கச் சொன்ன. உங்களுக்காகத்தான் அக்கா. ம் என்றாள் பிலோமினா. அந்த ம் ஒரு வாரமாகக் காதில் இருக்கிறது, செருப்புக்குள் போன மணல் மாதிரி. இப்போது ஓவன் சரி என்று வந்துவிட்டது. அவள் ஜெயித்த வாதம் போய் 140 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு வந்து பிலோமினாவின் கழுத்தில் மாட்டியிருக்கிறது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஓவனின் வயிற்றுக்குள் அந்த எண்ணைத் தேடி யாரும் போயிருக்க மாட்டார்கள்.

ஓவன் கதவில் ஏதோ மஞ்சளாக இருந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கையில் மஞ்சள் பூச்சி உட்கார்ந்த மாதிரி. பூச்சி இல்லை, தாள். அவள் எப்போதும் எழுதி ஒட்டுகிற மஞ்சள் சீட்டின் ஒரு மூலை, செல்லோ டேப்புக்கு அடியில் மாட்டி நின்றுவிட்டது. மீதியை யாரோ கிழித்திருக்கிறார்கள். மூலையில் கறுப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குக் குறுக்கே கோடு. அவளுடைய பூஜ்யம்தான். ஆய்வகத்தில் எல்லோரும் பூஜ்யத்தை முட்டையாகப் போடுவார்கள், ஓ என்ற எழுத்தோடு குழம்பக் கூடாது என்று அவள் மட்டும் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். சரி, பூஜ்யம். அறுபதுக்கும் பூஜ்யம் உண்டு. நூற்று நாற்பதுக்கும் பூஜ்யம் உண்டு. அதற்கு முன்னால் இருக்கிற எண்ணின் ஓரமும் கொஞ்சம் தெரிந்தது, ஒரு கறுப்புத் தூசி அளவுக்கு, அது ஆறின் வயிறா நாலின் காலா என்று சொல்ல முடியவில்லை, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஆறு அடி நடந்து போய்ப் பார்த்தால் தீர்ந்தது. நடக்க முடியாது. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைச் சுருக்கி, கண்ணாடியை மேலே ஏற்றப் பார்த்தாள். அது இன்னும் இறங்கியது. தூசி ஆறாக மாறியது, நாலாக மாறியது, பூச்சியாக எழுந்து பறந்து மறுபடி உட்கார்ந்தது. ஆறுதான். ஆறு என்று வாதாட முடியும். அறுபது என்று எழுதியிருக்கிறாள், பிலோமினா கார்பன் நாரில் செய்த கூட்டுத் தகடுகளுக்குத் தினமும் 120, 140 என்று வைத்துப் பழகியவள், பழக்கத்தில் விரல் போயிருக்கும், ஒன்பது வருஷ வேலைச்சுமை, தற்காலிக ஊழியர்களுக்கு ஓய்வில்லை, ஆகவே தப்பு பிலோமினாவுடையது, ஆனால் குற்றம் நிர்வாகத்துடையது. எவ்வளவு அழகாக வருகிறது. கைதட்டல்கூடக் கேட்டது. கைதட்டல் இல்லை, வேப்பமரம்.

வெயில் ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. அது அவள் கால் பக்கம் வருகிறதா, அவள் அதை நோக்கி நகர்கிறாளா. சைக்கிள் ஓடுகிறது. கோத்தகிரி ரோடு, இரண்டு பக்கமும் தேயிலை, மேகம் ரோட்டின் குறுக்கே மாடு மாதிரி சாவகாசமாகப் போகிறது, சார் முன்னால் போகிறார், இளைஞராக, முடியெல்லாம் கறுப்பாக, நாலு வேட்டியும் தோளில் பறக்க, சக்கரம் கரகரவென்று பூச்சி கத்துகிற சத்தம். வளைவு. அவர் பிரேக் பிடிக்கிறார். மேல்குழாய் ஒரு நூல் நகர்கிறது. அந்த ஒரு நூல் அவளுக்கு மட்டும் தெரிகிறது, கத்த வாயைத் திறக்கிறாள், வாயில் துணி, டொக் என்கிறது. திடுக்கிட்டு விழித்தாள். கைகள் நகரவில்லை, நல்ல வேளை. மணி மூன்று முப்பத்தைந்து. கையுறைக்குள் கதகதப்பாக இருந்தது. பசை சூடேறுகிறது, இரண்டு பாகமும் ஒன்றோடொன்று சேரும்போது தானாகவே உடம்பு காய்ந்து அப்புறம்தான் இறுகும். குழந்தையின் நெற்றி மாதிரி ஒரு சூடு. காங்கேயத்தில் அம்மா நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், அப்புறம் தெர்மாமீட்டரை உதறி நாக்குக்கடியில் வைப்பாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூத்திரெண்டு என்று அப்பாவிடம் சொல்வாள். நூற்றிரண்டு. மறுவாரம் பள்ளியில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்றார் அறிவியல் வாத்தியார். குழலி எழுந்து நின்றாள், அப்போதும் இதே வியாதிதான். சார், எனக்குப் போன வாரம் நூத்திரெண்டு, அப்ப நான் ஏன் சார் கொதிக்கலை. வகுப்பே சிரித்தது. அது வேற அளவும்மா, காய்ச்சலுக்குப் பாக்கறது ஃபாரன்ஹீட், நான் சொல்றது செல்சியஸ் என்றார். அப்ப எந்த அளவுன்னு சொல்லாம வெறும் நம்பர் மட்டும் சொன்னா தப்புத்தானே சார் என்று அவள் விடாமல் கேட்டாள். ஆமா, தப்புத்தான், உக்காரு என்றார். வேற அளவு. வெறும் நம்பர்.

கதகதப்பு மணிக்கட்டுக்கு ஏறியது, பிறகு தோளுக்கு, பிறகு காது மடலுக்கு, அது பசையின் சூடு இல்லை. சைக்கிள் கம்பெனியின் பழைய கையேடு, சார் காரேஜிலிருந்து கொடுத்தது, ஓரமெல்லாம் பழுத்து, ஒரு பக்கத்தில் படம், ஃபிரேம் ஒரு கம்பியில் தொங்குகிற படம், அடியில் ஈரம் போக்கும் சூடு என்று ஒரு எண். அந்த ஊர்க்காரர்கள் அடுப்புக்கும் காய்ச்சலுக்கும் ஒரே அளவுதான் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டாள், அறுபது செல்சியஸ் என்று வந்தது, அறுபது என்று மனதில் எழுதிக்கொண்டாள். கை என்ன எழுதியது. மனது அறுபதை எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது, விடுதி வார்டனோடு சண்டை, பசங்க ஹாஸ்டல் கேட் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கலாம், எங்க கேட் மட்டும் ஏழரைக்கு ஏன் மேடம் பூட்டறீங்க என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள், நியாயமான நியாயம், கை பாட்டுக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. எழுதி ஒட்டியது. பிலோமினா வந்தாள். வந்தாளா. வந்தாள். கதவிலிருந்து சீட்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கையைத் தொட்டு, அம்மிணி, நூத்தி நாப்பதுதானே என்று மெல்லக் கேட்டாள். அந்தக் குரல் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது. அதான் எழுதியிருக்கேன்ல அக்கா என்றாள் குழலி, திரும்பிப் பார்க்காமல், ஒரு கையை விசிறி. வார்டனிடம் ஒரு நல்ல வரி சொல்லப்போகிற சமயம் அது. அந்த நல்ல வரி என்ன என்று இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

இல்லை, இதெல்லாம் தூக்கக் கலக்கம், சாட்சி எங்கே, பூஜ்யம் ஒன்றுதான் சாட்சி, பூஜ்யம் எந்தப் பக்கமும் பேசும். இப்படி இன்னொரு முறை கட்டிப் பார்த்தாள், வாதம் பாதியிலேயே வழுக்கியது, கிளாம்ப் மாதிரி. நூற்று நாற்பது என்றால் இது ஒரு மூட்டோடு போகாது. எட்டு மூட்டும் நாலு மணி நேரம் அந்தச் சூட்டில் இருந்திருக்கின்றன. நாணயத்தால் தட்டினால் டிக் என்றுதான் சொல்கின்றன, எதை நம்புவது, எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும், எட்டு மாதமும் மண்ணெண்ணெயோடு போனது, இப்போது அழுத்திக்கொண்டிருக்கிற இந்த மூட்டுகூட நாளைக்குத் தானே அறுத்தெடுக்க வேண்டிய மூட்டு. அப்படியும் விடத் தோன்றவில்லை. பிடித்ததைப் பிடித்தபடி நின்றாள். பிலோமினா அந்தப் பார்வையில் கேட்டது காப்பாத்து என்று இல்லை. சொல்லேன் என்று.

கதவு கிறீச்சிட்டது. பிலோமினாவே வந்தாள், ஒரு கையில் ஸ்டீல் டம்ளர், கழுத்தில் அடையாள அட்டை. "என்னம்மிணி, எல்லைக்கல்லாட்ட நிக்கற. மோர் கொண்டாந்தேன். குடிக்கக் கை இருக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப நானே ஊத்தட்டுமா, வாயத் தொற. பேசாம தொறக்கோணும், அதுதான் உனக்கு வராது." டம்ளரைச் சாய்த்தாள். இரண்டு மடக்கு உள்ளே போனது, கொஞ்சம் தாடையில் வழிந்தது. குழலியின் துப்பட்டா நுனியை எடுத்து அதையும் துடைத்தாள். "கண்ணாடி என்ன, மூக்குல வழுக்குமரம் ஏறி விளையாடுதா?" என்று ஒரு விரலால் நடுவில் தொட்டு மேலே தள்ளிவிட்டாள்.

உலகம் ஓரம் பிடித்து நின்றது. ஓவன், கதவு, டேப், மஞ்சள் மூலை. பூஜ்யத்துக்கு முன்னால் நேராக இறங்குகிற ஒரு கால். வயிறு இல்லை. ஆறுக்கு அப்படி ஒரு கால் எந்தக் கையெழுத்திலும் கிடையாது. பிலோமினா அவள் பார்வை போகிற இடத்தைத் தானும் திரும்பிப் பார்த்தாள், டம்ளரை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா."

"ம்."

"நூத்தி நாப்பதுன்னு எழுதினது நான்தான்."

பிலோமினா நின்றாள். டம்ளரில் மீதி இருந்த மோரைத் தானே குடித்து முடித்தாள். பிறகு அடையாள அட்டையின் உறைக்குள், மகளின் படத்துக்குப் பின்னாலிருந்து, நாலாக மடித்த, மூலை கிழிந்த ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்தாள்.

"வெச்சிருக்கீங்களா? அன்னிக்கே காட்டியிருக்கலாமில்ல, சார்கிட்ட?"

"காட்டியிருந்தா அதுக்கும் நீ ஒண்ணு பேசியிருப்ப. எங்கிட்டயே கேட்டிருப்ப, பக்கத்துல அளவு போடலியே, நீங்க யோசிச்சிருக்க வேண்டாமான்னு. நான் உன்றகூடப் பேசி செயிக்க முடியுமா?" குரலில் கோபம் இருந்தது, ஒரு வாரம் பழுத்த கோபம். "திங்கக்கெழமை காலைல கொண்டுபோய் அவரு மேசைல வெச்சிருப்பேன். ஒம்பது வருசம், அம்மிணி. சும்மா விட்டுட்டுப் போவேன்னு நெனைக்காத. அதுக்குள்ள உனக்கா ஞாபகம் வருதான்னு பாத்துட்டு இருந்தேன்."

மணி மூன்று நாற்பத்தொன்று. இன்னும் பதினாறு நிமிஷம். பசை இறுகியபின் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, உட்கார்ந்து நிதானமாக நல்ல வார்த்தைகளில் எழுதலாம், நாலு மணிக்குப் போதும். அதை நினைக்கும்போதே முதல் வரி வந்துவிட்டது, சூழ்நிலைகளை முழுமையாகக் கருத்தில் கொள்ளும்போது என்று. கை விடுபட்டால் இந்த வரிக்குப் பின்னால் இன்னும் நாற்பது வரி வரும், நாற்பதாவது வரியில் யார் என்ன எழுதினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது கை இல்லை. இதுதான் நேரம்.

"அக்கா, மேசைல போன் இருக்கு. பூட்டு நம்பர் ரெண்டு ரெண்டு அஞ்சு ஏழு. சார் பேரை எடுத்து, கீழ மைக் இருக்கும் பாருங்க, அதை அமுக்கி என் வாய்கிட்டப் புடிங்க."

"நானா?"

"நீங்கதான். விட்டுடாதீங்க, முடியறவரைக்கும்."

பிலோமினா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கட்டைவிரல் திரையில் அழுந்தியது. ஒருத்தி குழாயை அழுத்திக்கொண்டு, ஒருத்தி திரையை அழுத்திக்கொண்டு, இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். காற்று ஒரு கணம் மரத்தை விட்டது.

"சார், குழலி பேசறேன். ஓவன் சரி. பிலோக்கா வெச்சதும் சரி. சீட்டுல நூத்தி நாப்பதுன்னு எழுதினது நான், புத்தகத்துல ஃபாரன்ஹீட்டுல இருந்ததை அப்படியே பாத்து எழுதிட்டேன். அவங்க வந்து கேட்டாங்க, நான் போன்ல சண்டை போட்டுட்டு இருந்தேன், திரும்பிப் பாக்காம ஆமான்னுட்டேன். அப்புறம் உங்க ரூம்ல நின்னு அறுபதுன்னு சாட்சி சொன்னேன், அது பொய். எட்டு மூட்டும் அந்தச் சூட்டுல இருந்திருக்கு, நான் சொல்றவரைக்கும் சைக்கிள்ல ஏறாதீங்க. அவங்களுக்குக் குடுத்த மெமோவை இன்னிக்கே வாங்கிட்டு, என் பேர்ல ஒண்ணு எழுதுங்க. ஆனா சார், அதை வெள்ளைத் தாள்ல எழுதுங்க, சைக்கிள் உங்களோடது."